மாடு மேய்ப்பவனும் துப்பாக்கியும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் மாணவர்)

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அடிதடிப் படந்தான் பிடிக்கிறது" என்ற குறையைக் கேட்காத மாணவர் எவரும் இருக்க முடியாது. வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். மேடையில் சொற்பொழிவாளர்கள் சொல்கிறார்கள். அதிலும் தொப்பியும் குதிரையும் துப்பாக்கியுமாக வரும் அமெரிக்கக் கௌபாய் படங்கள் என்றால் கேட்கவே வேண்டாம். கொலை, கொள்ளை, புழுதி, வியர்வை, இரத்தம் இவற்றைத் தவிர அவற்றில் என்ன இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. அக்கேள்விக்கு, அப்படங்களை விரும்பிப் பார்க்கும் ஒரு மாணவன் என்ற முறையில் விடை கூற முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நியாயத்தின் மீது நமக்குள்ள பசிதான் நம்மை அப்படங்களிடம் இழுத்துச் செல்கிறது என்பது என் துணிபு. அந்தப் பசிக்கு அவை போடும் சோறு நல்ல சோறா என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

நாயகன் யார்?

கௌபாய் என்ற சொல்லுக்கு நேர் பொருள் மாடு மேய்ப்பவன் என்பதுதான். "ஒழுங்காகப் படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்" என்ற வசவைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். என் தந்தையார் இளமையில் பிறர் மாட்டை மேய்த்துக் கூலி பெற்றவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எந்தத் தொழிலின் பெயர் நம் ஊரில் வசவாக இருக்கிறதோ, அதே தொழில் செய்பவனை உலகம் முழுதும் நாயகனாகக் கொண்டாடுகிறது என்றால் அதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி இருப்பதில் வியப்பென்ன?

வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் அந்த மேய்ப்பன் இன்னும் நெருங்கி வருகிறான். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு, டெக்சாஸிலிருந்து மாட்டு மந்தைகளை நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிச் சென்று கான்சாஸ் மாநிலத்து ரயில் நிலையங்களில் சேர்ப்பதே அவனுடைய வேலை. அவன் மாதக் கூலிக்காரன். அத்தொழிலை முதலில் கற்றுக் கொடுத்தவர்கள் மெக்சிகோ நாட்டு மேய்ப்பர்கள். நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். 1874-ல் முள்கம்பி வேலிக்குக் காப்புரிமை பெறப்பட்டது. வேலியும் இருப்புப்பாதையும் பரவப் பரவ, ஏறத்தாழ இருபது ஆண்டுகளிலேயே அந்த நெடும்பயணக் காலம் முடிந்துவிட்டது. இருபதாண்டுக் கூலி வேலை ஒன்று நூறாண்டுக் காவியமாகிவிட்டது! ஆனால் அக்காவியத்தில் கறுப்பு மேய்ப்பனுக்கு நெடுங்காலம் இடமே கிடைக்கவில்லை. உழைத்தவன் ஒருவன், புகழ் பெற்றவன் வேறொருவன் என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான வழக்குப் போலும்.

குதிரை சேலத்துக்கு வந்த வழி

இப்படங்கள் நமக்கு அன்னியம் என்போருக்கு ஒரு சிறு வரலாறு. அமெரிக்க இயக்குநர் ஜான் ஃபோர்டின் படங்களை விரும்பிப் பார்த்தவர் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா. அவர் 1961-ல் எடுத்த 'யோஜிம்போ' படத்தை இத்தாலியரான செர்ஜியோ லியோனே 1964-ல் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' ஆக மாற்றினார். ஜப்பானியர் வழக்குத் தொடுத்து ஈடும் பெற்றனர். ஸ்பெயின் நாட்டு வறண்ட பூமியில் படமாக்கி, கிளின்ட் ஈஸ்ட்வுட்டை நாயகனாக்கி, எனியோ மோரிக்கோனேயின் இசையோடு வந்த அப்படமும், அதைத் தொடர்ந்து 1966-ல் வந்த 'தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி'யும் உலகைச் சுற்றி வந்தன.

அந்தக் காற்று தமிழ்நாட்டிலும் வீசியது. நமக்கு மிக அருகில் உள்ள சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் 1966-ல் 'வல்லவன் ஒருவன்', 1970-ல் 'சி.ஐ.டி. சங்கர்' போன்ற துப்பறியும் படங்களில் ஜெய்சங்கரை நாயகனாக்கியது. அதே ஜெய்சங்கரைக் குதிரை மேல் ஏற்றித் தொப்பி அணிவித்தவர் ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான கர்ணன். 1972-ல் 'கங்கா', 'ஜக்கம்மா', 1975-ல் 'எங்க பாட்டன் சொத்து' ஆகியவை அவர் கைவண்ணம். டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து அதன் மேல் அமர்ந்து பார்த்த என் தாத்தாவுக்கு அவை கௌபாய் படங்கள் அல்ல; வெறும் 'குதிரைப் படங்கள்'. குதிரையும் மலையும் புழுதியும் அவருக்கு அன்னியமாகத் தோன்றியிருக்கவும் நியாயமில்லை. 2010-ல் சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எடுத்தபோது கதையில் வரும் ஓர் ஊருக்கு ஜெய்சங்கரின் பெயரையே சூட்டி நன்றிக் கடன் செலுத்தினார்.

சட்டம் எட்டாத ஊர்

இவ்வகைப் படங்களின் கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஓர் ஊர், அவ்வூரை மிரட்டும் ஒரு பண முதலை, அவனிடம் விலை போன அதிகாரி, வாய் திறக்க அஞ்சும் மக்கள். அப்போது பெயர் தெரியாத ஒருவன் வருகிறான். அவனிடம் சாதிப் பெயர் கேட்பாரில்லை, பூர்வீகம் கேட்பாரில்லை, சிபாரிசுக் கடிதமும் அவனிடம் இல்லை. கையில் உள்ள திறமை ஒன்றுதான் அவனுக்கு முதல்.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஒன்றுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தந்தையார் என்னோடு அலுவலகம் ஒன்றின் வாசலில் நின்றதுண்டு. ஒரு நாள் அல்ல, ஐந்து நாள். "நாளைக்கு வா" என்ற சொல்லை ஐந்து முறை கேட்டவனுக்கு, கதவை உதைத்துத் திறந்துகொண்டு உள்ளே போகும் ஈஸ்ட்வுட்டைப் பார்க்கும்போது மனத்தில் ஏற்படும் நிம்மதியை எப்படி விளக்குவது? அந்த நிம்மதியைக் கொலைவெறி என்று சொல்வது சரியாகாது. நியாயம் இவ்வளவு விரைவாகக் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற ஏக்கம் அது.

இந்த ஏக்கம் எவ்வளவு வலியது என்பதை ஆட்சியாளர்களும் அறிவர். 1975 ஆகஸ்ட் 15-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், 'ஷோலே' வெளிவந்தது. கொள்ளைக்காரன் கப்பர் சிங்கை முன்னாள் போலீஸ் அதிகாரியான தாக்கூர் தாமே கொல்வதாக முதலில் எடுத்திருந்தார்கள். தணிக்கைக் குழு ஒப்பவில்லை. போலீசார் வந்து கப்பரைக் கைது செய்வதாக முடிவு மாற்றப்பட்டது. திரையிலாவது சட்டம் வெல்லவேண்டும் என்று அரசு விரும்பியது. மக்களோ இன்றும் பழைய முடிவைத் தேடிப் பார்க்கிறார்கள். இதில் சிந்திக்க நிறைய இருக்கிறது.

இரத்தம் பொய்யா, மெய்யா?

வன்முறைக்கு வருவோம். பழைய ஹாலிவுட் படங்களில் குண்டு பட்டவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழகாகச் சாய்வான். சட்டையில் கறை கூடப் படாது. அதுதான் பண்பான படம் என்று கருதப்பட்டது. வேறு சில படங்களில் குண்டு பட்டவன் பத்தடி பின்னால் பறந்து விழுவான். இயற்பியல் மாணவன் இதை எப்படி ஏற்பது? பதினைந்து கிராம் குண்டு நொடிக்கு முந்நூறு மீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். அதன் உந்தம் நாலரை அலகு. அறுபது கிலோ எடையுள்ள மனிதன் உடலில் அது தங்கிவிட்டால், அவன் பெறும் வேகம் நொடிக்கு ஏழரை சென்டிமீட்டர்தான். குண்டு ஆளைப் பறக்க வைக்கும் என்றால் சுட்டவனும் எதிர்ப்புறம் பறக்கவேண்டுமே! உண்மையில் குண்டு மனிதனைத் தள்ளுவதில்லை, கிழிக்கிறது.

அந்தக் கிழிசலைக் காட்டத் துணிந்தவர் சாம் பெக்கின்பா. 1969-ல் வந்த அவருடைய 'தி ஒயில்ட் பஞ்ச்' படத்தின் இறுதிச் சண்டை பலரை முகஞ்சுளிக்க வைத்தது. 1992-ல் ஈஸ்ட்வுட்டே இயக்கி நடித்த 'அன்ஃபர்கிவன்' படத்தில், தன்னைப் பெரிய வீரன் என்று சொல்லிக்கொண்டு திரியும் இளைஞன் ஒருவன் முதன்முதலாக ஓர் ஆளைக் கொல்கிறான். கொன்ற பின் அவன் ஆர்ப்பரிக்கவில்லை, நடுங்கி அழுகிறான், துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். கறைபடாத கொலையைக் காட்டும் படத்தைவிட, கொன்றவன் கை நடுங்குவதைக் காட்டும் படமே இளைஞருக்கு நல்லாசான் என்பேன். வன்முறையை இனிப்பாக்கிக் கொடுப்பதே தீது. அதன் கசப்பைக் கசப்பாகவே கொடுப்பது தீதாகாது.

நாம் யார் பக்கம்?

இவ்வளவு பரிந்து பேசினாலும், இப்படங்களின் மீது எனக்கொரு பெரும் குறை உண்டு. 1939-ல் வந்த புகழ்பெற்ற 'ஸ்டேஜ்கோச்' படத்தில் வண்டியைத் துரத்தி வரும் அப்பாச்சிப் பழங்குடியினர் ஒவ்வொருவராகச் சுடப்பட்டு வீழ்கிறார்கள். திரையில் அவர்களுக்குப் பெயரில்லை, பேச்சில்லை. அவர்களை 'இந்தியர்' என்று அழைத்தது கொலம்பஸின் தவறு. அந்த இந்தியர் வீழும்போது இந்த இந்தியர் கைதட்டினால் அது யாருடைய தவறு? 1890 டிசம்பர் 29-ல் வூண்டட் நீ என்ற இடத்தில் பெண்களும் குழந்தைகளும் உட்பட லகோட்டா மக்கள் இராணுவத்தால் சுட்டுக் கொல்லப்பட்டனர் என்ற வரலாறு அத்தகைய படங்களில் இல்லை.

நம் கண்ணெதிரே நீல நிறத்தில் நிற்கிறது கல்வராயன் மலை. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தவர்கள். சட்டம் எட்டாத ஊரைப் பார்க்க அரிசோனா வரை போக வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். மலை என்றாலே சாராயம் என்று கேலி பேசும் வாய்கள் சமவெளியில் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போன வில்லன் குதிரையில் வரவில்லை; மெத்தனாலாக, பாக்கெட்டில் வந்தான். அவனைச் சுட எந்த ஈஸ்ட்வுட்டால் முடியும்?

தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியை எண்ணிப் பாருங்கள். 1992 ஜூன் 20-ல் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி அம்மலைச் சிற்றூருக்குள் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊரைச் சூறையாடினர். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். கௌபாய் படமாக இருந்தால் அன்று மாலையே ஒருவன் குதிரையில் வந்திருப்பான். வாச்சாத்திக்கு அப்படி எவரும் வரவில்லை. எழுத்தறிவு குறைந்த அந்தப் பெண்கள் தாமே நீதிமன்றப் படியேறினர். சங்கத்தாரும் வழக்கறிஞரும் துணை நின்றனர். 2011 செப்டம்பர் 29-ல் 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. அதற்குள் அவர்களில் 54 பேர் இறந்தே போயிருந்தனர். 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. முப்பத்தோராண்டுகள்! இரண்டு மணி நேரப் படத்தில் இதை அடக்க முடியுமா? ஆனால் இதைவிட வீரமான கதையை எந்தக் கௌபாய் படத்திலும் நான் பார்த்ததில்லை.

தமிழ்ப்படமும் இத்திசையில் ஓரடி எடுத்து வைத்திருக்கிறது. 2023-ல் கார்த்திக் சுப்பராஜ் எடுத்த 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' ஈஸ்ட்வுட்டின் மேலுள்ள மோகத்தில் தொடங்கிக் காட்டு மக்களின் துயரத்தில் வந்து நிற்கிறது. அதில் துப்பாக்கியைவிடப் படக்கருவியே வலிய ஆயுதம். ஸ்டேஜ்கோச்சில் பேச்சற்று வீழ்ந்தவர்களின் பக்கம் நின்று ஒரு குதிரைப் படம் எடுக்க முடியும் என்பதற்கு அது சான்று.

ஆகவே பெரியோர்களே, எங்களைத் தடுக்க வேண்டாம். நாங்கள் அப்படங்களைப் பார்க்கிறோம்; இனியும் பார்ப்போம். புழுதி படிந்த, கிழிந்த சட்டை போட்ட மேய்ப்பன் ஒருவன் தலை நிமிர்ந்து நடப்பதைப் பார்க்க எங்களுக்குப் பிடித்திருக்கிறது. நண்பர்களே, உங்களுக்கும் ஒரு சொல். விளக்கு எரிந்து படம் முடிந்த பிறகு, "அந்த ஊர்மக்கள் ஏன் ஒருவன் வரும் வரை காத்திருந்தார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். நம் ஊருக்கும் மலைக்கும் எவனோ ஒருவன் குதிரையில் வரப்போவதில்லை. மனு எழுதத் தெரிந்தவர்களாய், சட்டம் படித்தவர்களாய், "நாளைக்கு வா" என்று சொல்லாத அலுவலர்களாய் நாம்தான் போகவேண்டும். மாடு மேய்த்தவர்களின் பிள்ளைகள் கல்லூரிக்கு வந்திருப்பது அதற்காகத்தான்.