திரையைத் தாங்குவது எது?

யாழ்ப்பாணத்துப் பாடசாலை மண்டபங்களுள் எதனுள் நுழைந்தாலும் முதலிற் கண்ணிற்படுவது மேடைத் திரையே. கருஞ்சிவப்பிலோ கருநீலத்திலோ கனத்த வெல்வெட் சீலை. கீழ்க்கரையிற் பொன்னிறக் குஞ்சம். நடுவே பாடசாலை இலச்சினை. ஒரு மூலையில் உபகரித்தவரின் பெயர். அத்திரை எதிலே தொங்குகின்றது என்று அண்ணாந்து பார்ப்பவர் எத்தனை பேர்? நானும் பார்த்தவனல்லன். பாராது விட்டதன் பலனை ஒரு மாணவன் தன் தோளில் ஏற்றான். அதனாலேயே இதை எழுதத் துணிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன், வலிகாமத்துப் பாடசாலையொன்றில் நாடகப் பொறுப்பு என்னிடம் இருந்தது. கனடாவில் வாழும் பழைய மாணவர் ஒருவர் புதுத்திரைக்குப் பணம் அனுப்பினார். சங்கீத ஆசிரியையும் நானும் நகரத்துக் கடைகளில் ஒரு பகல் முழுவதும் ஏறி இறங்கினோம். சிவப்பா நீலமா என்பதில் எங்களுக்குள் மூண்ட விவாதம் ஒரு பட்டிமன்றத்துக்குப் போதுமானது. கம்பியைப் பற்றியோ ஐந்து நிமிடமும் பேசவில்லை. “பழைய பைப் கிடக்குத்தானே, சேர், அதிலையே கொழுவலாம்” என்றார் சீலையைத் தைத்துத் தந்தவர். நானும் தலையசைத்தேன்.

அந்தக் குழாய் பல்லாண்டுகளாக ஒரு மெல்லிய பருத்திச் சீலையைத் தாங்கி வந்தது. அதன் நிறை 5 அல்லது 6 கிலோ இருக்கலாம். புதுத்திரையின் கணக்கு வேறு. மேடை வாயில் 24 அடி அகலம், 12 அடி உயரம். மடிப்புகள் அழகாக விழவேண்டுமாயின் வாயிலைப்போல் இருமடங்கு அகலத்துக்குச் சீலை வேண்டும். ஆகவே 48 அடிக்கு 12 அடி. 576 சதுர அடி. மேடைக்குரிய கனத்த வெல்வெட் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய அரைக் கிலோ நிறுக்கும். அதுவே 27 கிலோ அளவில் வந்துவிடும். உட்சீலையும் குஞ்சமும் சேர 40 கிலோவை எட்டும். இந்தக் கணக்கை ஏழாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். ஆசிரியனாகிய நான் செய்யவில்லை.

பரிசளிப்பு விழா நாளன்று ‘மயான காண்டம்’ நடித்தோம். நடிகமணி வி. வி. வைரமுத்து கோயில் வீதிகளில் விடிய விடிய நடித்து இந்நாட்டவர் நெஞ்சிற் பதித்துவிட்டுப்போன கதை. ஆகவே சனத்துக்குக் குறைவில்லை. முதற் காட்சி முடியத் திரை இலகுவாக மூடிக்கொண்டது. கைதட்டலிலே அந்த இலகு எனக்கு ஐயம் தரவில்லை. தந்திருக்க வேண்டும். குழாய் நடுவிலே தொய்ந்திருந்தது. வளையங்கள் சரிவிலே வழுக்கி வந்து சேர்ந்திருந்தன. மறுபடி திறக்கும்போது அவை மேட்டிலே ஏற மறுத்தன. கயிறு பிடித்து நின்ற பத்தாம் வகுப்பு மாணவன் தன் பலமெல்லாம் கூட்டி இழுத்தான். திரை பாதி ஒதுங்கி, பாரம் ஓரத்துக்கு வந்ததும், தாங்கி சுவரைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. குழாய் அவன் வலத்தோளில் விழுந்தது. சுடலையில் நின்ற அரிச்சந்திரனைச் சீலை மூட, சபை சிரித்தது. அச்சிரிப்பினிடையே ஒரு தாய் எழுந்து மேடையை நோக்கி ஓடியதை நான் மறக்கவில்லை. அந்தத் தவணைப் பரீட்சையை அவன் எழுதவில்லை. நிகழ்ச்சி நிரலில் நடித்தோர் பெயரெல்லாம் இருந்தன. திரை கொடுத்தவரின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. கயிறு பிடித்தவன் பெயர் இல்லை. அதை அச்சிட்டவனும் நானே.

பிற்பாடு அந்த மேடையைச் செப்பனிட வந்த இரும்புப் பட்டறைக்காரரிடம் நான் கற்றது எந்தப் பயிற்சிக் கலாசாலையிலும் கற்காதது. அவர் முதலிற் சீலையைத் தொடவே இல்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார். பழைய சுண்ணாம்புச் சாந்துக்குள் மர ஆப்பு இறுக்கி, அதிலே திருகாணி முடுக்கியிருந்தார்கள். மரம் காய்ந்து சுருங்க, ஆணி பற்றற்று நின்றது. “சுவரிலை பிடிச்சிருக்கெண்டு நினைச்சிருக்கிறியள், மாஸ்ரர், பூச்சிலைதான் பிடிச்சிருக்கு” என்றார். உட்பொள்ளலான சீமெந்துக் கல்லானாலும் இதே கதைதான். கல்லின் ஓடு மாத்திரமே ஆணியைப் பிடிக்கும். பாரத்தை ஏற்க வல்லது வாயிலின் மேல் ஓடும் கொங்கிறீற்று வளை. பழைய கட்டடமாயின் கூரையைத் தாங்கும் வைரம்பாய்ந்த பனை வளை. தாங்கி சுவரிலிருந்து எவ்வளவு வெளியே நீள்கிறதோ அவ்வளவுக்கு மேலாணியைப் பிடுங்கும் விசையும் கூடும் என்பதையும் அவர் கைவிரலை மடக்கிக் காட்டி விளக்கினார்.

குழாய் தொய்வதிலும் ஒரு கணிதம் உண்டு. அடிக்கு இத்தனை நிறை என்று ஒரே சீராகப் பாரம் ஏற்றி, தாங்கிகளுக்கிடையிலான தூரத்தை இருமடங்காக்கினால், தொய்வு இருமடங்காகாது, பதினாறு மடங்காகும். ஆகவே நடுவில் ஒரு தாங்கி வேண்டும். ஆனால் நடுத்தாங்கியை வளையம் கடந்து போகாது. இதற்காகவே கனத்த திரைக்குச் சாதாரணக் குழாயை விடுத்து, உள்ளே சில்லுகள் ஓடும் இரும்புத் தடத்தை இரு பாதியாகப் பூட்டுகிறார்கள். மேலிருந்து அடிக்கடி பிடித்துக்கொள்ளலாம். சில்லு தடையின்றி ஓடும். கயிற்றை ஓரத்துக் கப்பிகளிற் போட்டுவிட்டால் மெலிந்த பிள்ளையும் இழுக்கலாம். குழாய்தான் வேண்டுமென்றால், ஒரே நிறையுள்ள இரும்பில் ஒடுங்கிய கட்டிக் கம்பியைவிட அகன்ற பொள்ளற் குழாயே வளையாது நிற்கும். அதுவும் நாகம் பூசியதாக இருக்கவேண்டும்; நமது கடற்காற்று வேறெதையும் நெடுநாள் விட்டுவைப்பதில்லை.

இவையெல்லாம் கொல்லன் வேலை, இலக்கியப் பக்கத்துக்கு இவை எதற்கு என்று அன்பர் சிலர் முகஞ்சுளிக்கலாம். அவர்களைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு அழைக்கிறேன். அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், தரையிலிருந்து உயரம் 1 கோல்; அரங்கப் பலகைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடை 4 கோல் என்று இளங்கோவடிகள் அளந்து சொல்கிறார். அதன் பின்னரே திரைக்கு வருகிறார். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று. முதலாவது ஒரு பக்கத்தே ஒதுங்குவது. திறந்திருக்கும்போது முழுப்பாரமும் ஒரு முனையில் வந்து குவியும். இரண்டாவது இருபக்கமிருந்தும் வந்து கூடுவது. பாரம் இரண்டாகப் பிரியும். மூன்றாவது மேலே மறைந்திருந்து வருவது என்று கொண்டால், கயிறும் மேலே ஓர் உறுதியான பிடிப்பும் இன்றி அமையாது. பெயர்களிலேயே பொறியின் வேறுபாடு அடங்கியிருக்கிறது. மாணவருக்கு இப்பகுதியைப் பலமுறை படிப்பித்திருக்கிறேன். அருஞ்சொற்பொருள் சொன்னேன், உத்தரம் ஏன் முதலில் வருகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

கூத்துக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. தமிழகத்துத் தெருக்கூத்திலே இருவர் ஒரு சீலையைக் கையிற் பிடித்து நிற்க, அதன் பின்னால் வேடதாரி வந்து தோன்றுவான். பாரம் எவ்வளவென்று பிடித்திருக்கும் கைக்குத் தெரியும். கொட்டகை நாடகமும் படச்சட்ட மேடையும் வந்தபின்னரே திரை நம் தலைக்கு மேலே ஏறியது. ஏறியதும் அதன் பாரம் நம் நினைவிலிருந்து இறங்கிவிட்டது. இக்கால நாடகத்துக்கு முன்திரையே வேண்டியதில்லை என்பாரும் உளர். அவர்களோடு எனக்கு வழக்கில்லை; திரையின்றி நடிப்பவர் நடிக்கட்டும். தொங்கவிடத் துணிந்தவர்களிடமே நான் பேசுகிறேன். திரை வாங்கப் புறப்படும் அதிபரும் பழைய மாணவர் சங்கத்தினரும் முதலில் தடத்துக்கும் தாங்கிக்கும் கப்பிக்கும் பணம் ஒதுக்கி, எஞ்சியதில் சீலை எடுக்கட்டும். வெல்வெட் எட்டாவிடின் கைத்தறிச் சீலை போதும். மங்கிய நிறத்தைப் பார்த்து எவருக்கும் தோள் முறிவதில்லை.

சென்ற மாதம் வேறொரு பழைய மாணவர், தமது பாடசாலை மண்டபத்துக்கு என்ன அன்பளிப்புச் செய்யலாம் என்று என்னிடம் கேட்டு எழுதியிருந்தார். பழைய திரையே இருக்கட்டும், அதற்கு நல்ல தடமும் தாங்கியும் தாருங்கள் என்று பதில் எழுதினேன். அதிலே பெயர் பொறிக்க இடமுண்டா என்று மறுகடிதத்தில் வினவியிருக்கிறார். பெயர் எழுதலாம், கயிறு இழுக்கும் பிள்ளை மாத்திரம் அதை வாசிக்கும் என்று எழுதித் தபாலிற் சேர்த்திருக்கிறேன்.