ஒப்புதல் தமிழிலும் கேட்கப்படட்டும்

துணிக்கடையிலும் மருந்துக்கடையிலும் பில் போடும் முன் கைபேசி எண் கேட்பது வழக்கமாகிவிட்டது. எண் தரும்படி வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என்று ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் பின் வந்ததே 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

சேவைக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே ஒப்புதல் செல்லும் என்பது இதன் உயிர்நாடி. தொலைமருத்துவச் செயலி ஒன்று கைபேசியிலுள்ள தொடர்பு எண்களையும் கேட்டால், பயனாளர் சம்மதித்திருந்தாலும் அந்தப் பகுதி செல்லாது. சட்டமே இந்த எடுத்துக்காட்டைத் தருகிறது. கொடுத்த ஒப்புதலை அதே அளவு எளிதாகத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. ஆனால் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம் உண்டு, இது பெருங்குறை.

ஒப்புதல் கோரும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்கும் வாய்ப்பையும் சட்டம் தருகிறது. தமிழ்நாட்டில் இயங்கும் வங்கிகளும் கடைகளும் செயலிகளும் அதை எளிய தமிழில் தர முன்வர வேண்டும்.

– வாசகர், திருச்சி