முகம் மட்டும் சாட்சியாகலாமா?

கொடிய கொலை வழக்குகளில் மரண தண்டனை விதிக்கப்படும்போது கூறப்படும் காரணங்களுள் ஒன்று, குற்றவாளி தன் செயலுக்காக மனம் வருந்தியதாகத் தெரியவில்லை என்பது. மக்களின் கோபத்துக்கும் அது இசைவாக இருப்பதால் எவரும் அதைக் கேள்விக்குட்படுத்துவதில்லை. ஆனால், ஓர் உயிரைப் பறிப்பதா, வேண்டாமா என்பதை முடிவு செய்யக் கூண்டில் நிற்பவரின் முகபாவம் போதுமான சான்றாகுமா?

மனச்சிதைவு நோய்க்கு ஆளான பலரிடம் உணர்ச்சியின் வெளிப்பாடு மங்கிவிடுகிறது. நோயின் அறிகுறி, கல்நெஞ்சமாகத் தோன்றிவிடக்கூடும். குற்றத்தை மறுத்து மேல்முறையீட்டை நம்பியிருப்பவரோ, தாம் செய்யவே இல்லை என்று கூறும் செயலுக்காக எவ்வாறு வருந்த முடியும்?

குற்றம் நிகழ்ந்த வேளையில் செயலின் தன்மையை உணர முடியாத அளவுக்குச் சித்தம் கலங்கியிருந்தால் அது குற்றமாகாது என்று 1860-ம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-வது பிரிவு கூறியது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-வது பிரிவும் அதையே கூறுகிறது. அந்த அளவை எட்டாத மனப் பாதிப்பும் தண்டனையைக் குறைக்கக் காரணமாகலாம் என்பதை 1980-ல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஏற்றது. குற்றவாளி திருந்த வாய்ப்பில்லை என்பதை அரசுத் தரப்பே சான்றுகளுடன் நிறுவ வேண்டும் என்ற வாதத்துக்கும் அந்தத் தீர்ப்பு உரிய மதிப்பளித்தது. தண்டனைக்குப் பின் ஏற்பட்ட கடும் மனநோயைக் கருத்தில் கொண்டு, தான் முன்பு உறுதி செய்த மரண தண்டனையையே 2019-ல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது.

கொள்கையில் குறையில்லை, நடைமுறையில்தான் குறை. மரண தண்டனைக் கைதிகள் 88 பேரிடம் தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. அவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ஏதேனும் ஒரு மனநோய் இருப்பது அதில் தெரியவந்தது. குற்றவாளியின் மனநல மதிப்பீட்டையும் சிறை நடத்தை குறித்த அறிக்கையையும் விசாரணை நீதிமன்றமே பெற்றுப் பரிசீலிக்க வேண்டும் என்று 2022-ல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது.

அடுத்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய குற்றவியல் சட்டங்களை நிறைவேற்றியபோது இந்த வழிகாட்டுதலைச் சட்டமாக்கும் வாய்ப்பு கைவசம் இருந்தது. அது நழுவவிடப்பட்டது. தண்டனை குறித்துக் குற்றவாளியின் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற பழைய விதி மட்டுமே புதிய நடைமுறைச் சட்டத்திலும் தொடர்கிறது. இந்த வழிகாட்டுதல் பின்பற்றப்படாத மரண தண்டனைகளை மறுபடியும் பரிசீலிக்கலாம் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூற நேர்ந்தது.

இதில் பலியானோரின் குடும்பங்களுக்கும் அநீதி இழைக்கப்படுகிறது. தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டிய பரிசோதனை பல ஆண்டுகளுக்குப் பின் நடக்கும்போது, முடிந்ததென்று அவர்கள் எண்ணிய வழக்கு மீண்டும் திறக்கப்படுகிறது. ஆறாத புண்ணும் கிளறப்படுகிறது.

மனநல மதிப்பீடு குற்றவாளிக்குக் காட்டும் சலுகையன்று. உண்மையிலேயே திருந்தியவரையும் நடிப்பவரையும் நோயாளியையும் பிரித்தறிய நீதிபதிக்குக் கிடைக்கும் சான்று அது. மரண தண்டனை விதிக்குமுன் அதைக் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தத்தை மத்திய அரசு கொண்டுவர வேண்டும். மாவட்டந்தோறும் அதற்கான மனநல மருத்துவர்களை நியமிப்பது மாநில அரசுகளின் கடமை.