பார்க்கப் போகும் முன்

உறவினர் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று தெரிந்தால் நமக்கு இருப்புக் கொள்ளாது. ஒரு சீப்பு வாழைப்பழம், பிளாஸ்கில் காப்பி, கூடவே இரண்டு குழந்தைகள், புறப்பட்டு விடுவோம். பிரியத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் படுத்திருப்பவர் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக் கொண்டவர் என்றால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

அந்த மருந்து புற்று அணுக்களோடு நிற்பதில்லை. எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியாகும் வெள்ளை அணுக்களையும் குறைத்து விடுகிறது. பெரும்பாலும் 7 முதல் 14 நாட்களுக்குள் அவை அடிமட்டத்துக்கு வந்து விடும். அப்போது உடம்பு காவல்காரன் இல்லாத வீடு.

ஆஸ்பத்திரியில் சேர்ந்து 48 மணி நேரம் கழித்து வரும் நிமோனியாவை, அங்கே தொற்றியதாகவே டாக்டர்கள் கணக்கு வைக்கிறார்கள். கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் என்று வாயில் நுழையாத பெயர்கள். கிருமிகள் மட்டும் வாயில் சுலபமாக நுழைந்து விடுகின்றன! அங்கே குடியேறி, தூக்கத்தில் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்குகின்றன. பல மருந்துகளுக்கு மசியாத ரகங்களும் உண்டு. ஆகவே, துணைக்கு இருப்பவர் நோயாளியின் வாயைச் சுத்தமாக வைத்திருக்க உதவுவதும், தலைப் பக்கத்தை உயர்த்திப் படுக்க வைப்பதும் சின்னக் காரியங்கள் அல்ல. நர்ஸைக் கேட்டுக்கொண்டு செய்யலாம்.

சூடோமோனாஸுக்கு ஈரம் பிடிக்கும். பூ ஜாடித் தண்ணீரில்கூட வளரும். 'பூங்கொத்து வேண்டாம்' என்று வார்டில் சொன்னால் கோபித்துக் கொள்ளாதீர்கள். சளி, இருமல் உள்ளவர்கள் டெலிபோனில் விசாரித்தால் போதும்.

கை கழுவும் சங்கதி பழையது. 1847-ல் வியன்னாவின் பிரசவ ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணப் பரிசோதனை முடித்து வருகிறவர்கள் குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவிவிட்டுத்தான் தாய்மார்களைத் தொட வேண்டும் என்றார். ஜுரத்தால் இறந்த தாய்மார்களின் தொகை மளமளவென்று குறைந்தது. ஆனாலும் பெரிய டாக்டர்கள் பலர் ஒப்பவில்லை. தங்கள் கையில் அழுக்கா என்ற ரோஷம்! நமக்கு அந்த ரோஷம் வேண்டாம். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கழுவுவோம்.

இந்த நோயாளிகளிடம் இன்னொரு விபரீதம். நுரையீரலில் கிருமி இறங்கினாலும் சளி அதிகம் வராது. எக்ஸ்ரேயில்கூட முதலில் ஒன்றும் தெரியாமல் போகலாம். சீழ் கட்டுவதற்கே வெள்ளை அணு வேண்டுமே! சில சமயம் ஜுரம் ஒன்றுதான் அடையாளம். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். தெர்மாமீட்டர் 100.4 டிகிரி காட்டினால், டாக்டரைக் கேட்காமல் பாரஸிட்டமால் கொடுத்து அதை அமுக்கி விடாதீர்கள். ஆஸ்பத்திரி வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் கிருமிநாசினி மருந்து ஏற வேண்டும் என்று டாக்டர்களே பரபரக்கும் விஷயம் இது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்புவதா என்று தயங்குகிறோம். தாராளமாக எழுப்பலாம்.