எந்த வீட்டுச் சாப்பாடு?

'இங்கு வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்.' எங்கள் தம்மம்பட்டியில் மட்டுமில்லை, எந்த ஊர் மெஸ் வாசலிலும் இந்த போர்டைப் பார்க்கலாம். பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம். எந்த வீட்டில் தினமும் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர், கூட்டு, பொரியல், அப்பளம், ஊறுகாய் என்று இத்தனையும் ஒரே வேளைக்குச் சமைக்கிறார்கள்?

கேலிக்காகக் கேட்கவில்லை. அம்மா போன பிறகு எங்கள் அப்பாவுக்கு மதியச் சாப்பாடு பக்கத்துத் தெரு மெஸ்ஸில்தான். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மெஸ்கார அக்கா தங்கமானவர். அப்பா இலையை மூடப் போனால், "ஏனுங்கய்யா, அதுக்குள்ளயா? ரசத்துக்குக் கொஞ்சம் வாங்கிக்கங்க" என்று சோற்றை வைத்துவிடுவார். அந்தப் பாசம்தான் வம்பே! போன முறை எடுத்த மூன்று மாத சராசரி சர்க்கரை 9-ஐத் தாண்டியிருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால், "மத்தியானம் என்ன சாப்பிடறீங்க?" என்றுதான் கேட்டார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமா? இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பளமும் ஊறுகாயும் வத்தக்குழம்பும் ஒரே இலையில் சேர்ந்தால் கணக்கு என்னாகும்?

உண்மையில் எங்கள் பக்கத்து வீட்டுச் சாப்பாடு வேறு. ஒருபுறம் கொல்லிமலை, இன்னொருபுறம் பச்சைமலை. சாமையும் ராகியும் கொள்ளும் விளைகிற பூமி. என் பாட்டி செய்த கொள்ளுக் கடைசலைக் கேளுங்கள். கொள்ளை வெறும் சட்டியில் வாசம் வர வறுத்து, குழைய வேகவைத்து, தண்ணீரைத் தனியே இறுத்து வைப்பார். அது ரசத்துக்கு. சின்ன வெங்காயம், பூண்டு, மல்லி, சீரகம், இரண்டு வரமிளகாயை ஒரு ஸ்பூன் எண்ணெயில் வதக்கி, வெந்த கொள்ளோடு சேர்த்து மத்தால் கடைவார். அவ்வளவுதான். 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம். ராகியில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத சுண்ணாம்புச் சத்து. இரண்டும் மெஸ் இலையில் கிடையாது. 'களி போட்டா யாருங்க வருவாங்க?' என்கிற பயம்!

ஒன்று சொல்லிவிடுகிறேன். களி நல்லது என்று நாலு உருண்டை உள்ளே தள்ளினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். ராகியும் மாவுச்சத்துதான். ஒரு உருண்டை, அதற்கு இரண்டு பங்கு கீரையும் கடைசலும் என்றால் சரி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கொள்ளு பக்கம் போக வேண்டாம்.

மெஸ்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாம் கேட்பதைத்தானே அவர் சமைக்கிறார்? 'அப்பளம் இல்லையா?' என்று முகம் சுளிக்கும் நாம், 'கீரை இருக்கா?' என்று ஒரு நாளாவது கேட்டிருப்போமா? அளவுச் சாப்பாடு என்றால் கௌரவக் குறைச்சலாகவும் நினைக்கிறோம்.

நான் பாட்டியின் பக்குவத்தை ஒரு தாளில் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே, "எங்க அம்மாவும் இப்படித்தான் கடைவாங்க, நானே மறந்துட்டேன்" என்றார். இப்போது புதன்கிழமைகளில் களி, கீரை, கொள்ளுக் கடைசல். முதல் வாரம் ஆறு பேர் கேட்டார்களாம். போன புதன் ஒரு மணிக்கே கடைசல் சட்டி காலி. தாமதமாகப் போன அப்பாவுக்கு வழக்கம்போல சாம்பார் சாதம்தான் கிடைத்தது. வீட்டுக்கு வந்து அதற்கும் என்னைத்தான் திட்டினார்.