'எக்ஸ்பெடிஷன்' என்ற ஒரு சொல்

அண்டார்க்டிகத் தீபகற்பத்தில் கரையிறங்கும் முன் ஒவ்வொரு சுற்றுலாப் பயணியும் ஒரு சடங்கைக் கடந்தாக வேண்டும். மேலங்கிப் பைகளும் முதுகுப்பையின் மடிப்புகளும் உறிஞ்சு கருவியால் துப்புரவு செய்யப்படுகின்றன. காலணியின் அடிப்பள்ளங்களில் சிக்கிய விதைகள் நோண்டி எடுக்கப்படுகின்றன. கிருமிநாசினியில் காலை நனைத்த பிறகே ரப்பர்ப் படகில் இடம். எச்5என்1 பறவைக் காய்ச்சல் 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாவையும் 2024 பிப்ரவரியில் அண்டார்க்டிகப் பெருநிலத்தையும் எட்டியபின், கரையில் அமரவோ மண்டியிடவோ பையைக் கீழே வைக்கவோ கூடாது என்பதும் விதியாயிற்று.

இந்த ஒழுங்கை எள்ளி நகையாடுவது எளிது, நேர்மையாகாது. 1966இல் லார்ஸ்-எரிக் லிண்ட்பிளாட் சிறு குழுவொன்றை அழைத்துச் சென்றபோது, தென்முனையை நேரில் கண்டவர்கள் அதைக் காக்க முன்வருவார்கள் என்னும் நம்பிக்கை அவருக்கு இருந்தது. 1991இல் ஏழு நிறுவனங்கள் கூடி அமைத்த ஐயாட்டோ என்னும் சங்கம், ஓரிடத்தில் ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் இறங்கக்கூடாது, ஐந்நூறு பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் எவரையும் இறக்கவே கூடாது என்று தன் உறுப்பினர்களைத் தானே கட்டுப்படுத்திக்கொண்டது. இலாபம் நாடும் ஒரு தொழிலில் இது அரிய செயல்தான்.

சிக்கல் தொடங்குவது பெயரில். விளம்பரங்களில் இவை உல்லாசப் பயணங்களாக வருவதில்லை. 'எக்ஸ்பெடிஷன் குரூஸ்' என்றே வருகின்றன. ஸ்காட்டும் அமுண்ட்செனும் ஷாக்கிள்டனும் சுமந்த சொல்லை, வெந்நீர்க் குளியல் தொட்டி உள்ள கப்பலும் சுமக்கிறது. சொற்பொருள் விரிவது மொழிக்கு இயல்பு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தச் சொல் பொருளை விரிப்பதோடு நிற்காமல், ஒரு விலக்கையும் அளிக்கிறது. சுற்றுலாப் பயணியிடம் கேட்கக்கூடிய கேள்விகளை ஆய்வுப் பயணியிடம் கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கிறது. (பழந்தமிழில் 'செலவு' என்றால் பயணம், இன்று அது பணம் மட்டுமே. இந்தக் கப்பல்களைப் பொறுத்தவரை இரு பொருளும் மீண்டும் ஒன்றாகிவிட்டன.)

அப்படியானால் கப்பலில் நடக்கும் அறிவியல் வெறும் அலங்காரமா? அல்ல. கூன்முதுகுத் திமிங்கிலத்தின் வால் அடிப்புறக் கோலம் கைரேகை போல ஒவ்வொன்றுக்கும் தனித்தது. பயணிகள் எடுக்கும் அத்தகைய படங்களைத் திரட்டும் ஹாப்பிவேல் தரவுத்தளத்தைக் கொண்டுதான், வடபசிபிக்கில் இத்திமிங்கிலங்கள் 2012க்கும் 2021க்கும் இடையே ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தன என்று 2024இல் ஓர் ஆய்வு நிறுவியது. ஓஷனைட்ஸ் அமைப்பின் பென்குவின் கணக்கெடுப்பாளர்களும் 1994 முதல் பெரும்பாலும் சுற்றுலாக் கப்பல்களில் இடம்பெற்றே சென்றுவருகிறார்கள். எனினும், கப்பல் போகும் இடத்திலிருந்துதான் தரவு வருகிறது. கப்பலோ அழகான விரிகுடாவுக்கும், இறங்க வசதியான கரைக்கும், கோடை மாதங்களிலும்தான் போகிறது. மாதிரி எடுக்கும் திட்டத்தைச் சந்தை வகுத்துக் கொடுக்கும் ஆய்வு இது. அந்தத் தரவு பயனற்றது என்று பொருளில்லை. அதன் சாய்வை ஒவ்வொரு முறையும் உரக்கச் சொல்லியாக வேண்டும் என்பதே பொருள்.

செலவுப் பக்கத்துக்கும் கணக்கு உண்டு. 2016 முதல் 2020 வரை வந்த ஒவ்வொரு பயணிக்கும் ஈடாக, கப்பற்புகையின் கரித்துகள் பனியைக் கருக்கியதால் ஏறத்தாழ 83 டன் பனி உருகியது என 2022இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆய்வாளர்கள் இதைப் படித்துவிட்டுத் தலைநிமிர வேண்டியதில்லை. 2012இல் வெளியான மற்றோர் ஆய்வின்படி, ஆளுக்கு ஆள் கணக்கிட்டால் அயல்விதைகளை அதிகம் சுமந்து சென்றவர்கள் சுற்றுலாப் பயணிகளல்லர், அறிவியலாளர்களே. ஆனால் மொத்த எண்ணிக்கை வேறு கதை: 1992-93 பருவத்தில் ஏறத்தாழ 6,700ஆக இருந்த சுற்றுலாப் பயணிகள், 2023-24இல் 1,20,000ஐக் கடந்தனர். நூறு பேர் விதி ஒரு நேரத்துக்கு உரியது. ஒரு பருவத்துக்கு மொத்தம் எத்தனை பேர் என்பதற்கு எந்த உச்சவரம்பும் இல்லை.

இங்கேதான் அரசுகளின் மௌனம் உறுத்துகிறது. நூறு, ஐந்நூறு என்னும் அதே வரம்புகளை அண்டார்க்டிக உடன்படிக்கை நாடுகள் 2009இல் கட்டாய விதியாக ஏற்றன. ஆனால் எல்லா நாடுகளும் ஒப்புதல் அளித்தால்தான் அது நடைமுறைக்கு வரும். ஆண்டுகள் பல கடந்தும் ஒப்புதல்கள் முழுமையடையாமல், ஒரு வணிகச் சங்கத்தின் நல்லெண்ணமே அந்த இடைவெளியை அடைத்து வந்திருக்கிறது. சங்கத்தில் சேராத கப்பலை அந்த நல்லெண்ணம் கட்டுப்படுத்தாது.

1983 முதல் இவ்வுடன்படிக்கையில் வாக்குரிமை பெற்ற நாடு இந்தியா. 2022இல் இந்திய அண்டார்க்டிகச் சட்டத்தை இயற்றியது; 2024 மே மாதம் கொச்சியில் உடன்படிக்கை நாடுகளின் 46ஆவது கூட்டத்தை நடத்தியது; சுற்றுலாவுக்கான நெறிமுறையைப் பற்றி அங்கே தனிக் குழுவே பேசியது. பருவத்துக்கான உச்சவரம்பை மட்டுமன்றி, மக்கள் திரளும் சில இறங்குதளங்களைச் சுழற்சி முறையில் ஆண்டுக்கணக்கில் மூடிவைக்கவும் இந்தியா கோரலாம். மூடிய கரையிலும் திறந்த கரையிலும் ஒரே கோடையில் பென்குவின் கூடுகளை எண்ணினால்தான், மனிதக் காலடியால் நேர்வது எது, வெப்பமயமாதலால் நேர்வது எது என்று பிரித்தறிய முடியும். அந்த எண்ணிக்கையை எடுக்கச் செல்லும் ஆய்வாளர்களை ஏற்றிச் செல்ல, 'எக்ஸ்பெடிஷன்' என்று பெயர் சூட்டிக்கொண்ட கப்பல்களையே கேட்கலாம்.