விடை தெரியாத ஒரு பரிசோதனை

நம்ம பிசிக்ஸ் லேபில் 'ஜி' மதிப்பு 9.8 வரணும்னு எல்லோருக்கும் முன்பே தெரியும். அதனால் ரீடிங் எடுக்குமுன்பே ரெக்கார்டு நோட்டு நிரம்பிவிடுகிறது. மாணவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? விடை தெரிந்தால் விடையிலிருந்துதான் கணக்குப் போடுவார்கள்!

ஒரு வாளி மணலும் ஒரு பேரிங் குண்டும் கொடுத்துப் பாருங்கள். எவ்வளவு வேகத்தில் மோதினால் எவ்வளவு ஆழம் இறங்கும்? 20 செ.மீ. உயரத்திலிருந்து விழுந்தால் வேகம் வினாடிக்குச் சுமார் 2 மீட்டர். அது 4 ஆக உயரம் 80 செ.மீ. வேணும். இதுவரை சுலபம். தலைவலி மணலில்தான். குண்டு விழுந்த இடம் முன்போல இருக்காது; ஒவ்வொரு தடவையும் கிளறி, அமுக்காமல், ஸ்கேலால் மட்டம் செய்யணும். கையால் விட்டால் தள்ளிவிடுவோம்; மின்காந்தத்தில் பிடித்து ஸ்விட்சை அணைப்பதே மேல். (எலெக்ட்ரிகல் நண்பர்களுக்கு ஒரு பீரியட் வேலை!)

1722-ல் லைடன் பேராசிரியர் ஸ்கிராவசாண்ட பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் போட்டார். ஒரே அளவு, இரு மடங்கு நிறையுள்ள குண்டு பாதி உயரத்திலிருந்தே அதே பள்ளத்தைப் போட்டது. உலர்ந்த மணலின் கதை வேறு: 2003-ல் வெளியான ஆய்வில், ஆழம் இரட்டிக்க மொத்த வீழ்ச்சித் தூரம் எட்டு மடங்கு வேண்டியிருந்தது.

நம்ம ஃபவுண்டரி ஷாப் ஈர மணலில் என்ன வரும்? எந்த லேப் மேனுவலிலும் கிடையாது. ஐந்து தடவை போட்டால் ஐந்து அளவும் ஒன்றாகவும் இருக்காது. அந்தச் சிதறலை அப்படியே எழுதிக் காட்டுபவருக்கு மார்க் குறைக்கக் கூடாது என்பதே நம் கோரிக்கை.